நெடுந்தீவுப் படகும் ஏழாவது ஆட்டக்காரரும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து தீவுகளுக்குப் பிரயாணஞ் செய்வோர் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காகவே செல்வர். ஒன்று நயினை நாகபூஷணி அம்பாளின் தரிசனம். மற்றது நெடுந்தீவிலே கட்டற்றுத் திரியும் குதிரைகளைக் காணுதல். அண்மையில் நாம் புறப்பட்டது இவ்விரண்டையும் முன்னிட்டன்று. 1986 ஆம் ஆண்டிலே நெடுந்தீவைவிட்டுப் போய்க் கனடாவின் ரொறன்ரோ நகரிற் குடியேறிய எமது பெரியத்தான், ஊர்க்கடலை ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்று வந்திறங்கியிருந்தார். அக்கா பேரப்பிள்ளைகளோடு அங்கேயே நின்றுவிட்டார். ஆகவே அத்தானும் நாமும் உயர்தர வகுப்பிற் படிக்கும் எமது இளைய மகனுமாக மூவர், ஆவணி மாதத்து ஒரு காலையில் வாடகை வான் ஒன்றில் ஏறினோம்.

அத்தானின் தலையில் ஒரு நீலத் தொப்பி இருந்தது. அதிலே ஒரு பறவையின் தலை. எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு அது பொருந்துமா என்று எமக்குள்ளே ஒரு ஐயம். ஆயினும் மூத்தவரிடம் கேட்பதெப்படி? கேட்டவன் மகன்தான்.

"மாமா, இது எந்தக் குழுவின்ர தொப்பி?"

"தோற்ற குழுவின்ர தொப்பி, தம்பி" என்றார் அத்தான். அதற்குமேல் அப்போது அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை.

பண்ணைத் தாம்போதியில் ஏறியதும் இருமருங்கும் ஆழமற்ற கடல். தடிகளை நட்டு வளைத்துக் கட்டிய வலைகளும், முழங்காலளவு நீரில் நின்று அவற்றை ஆராயும் மனிதரும், ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகளும் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒரே இனமெனத் தோன்றின. மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை என்று ஊர்கள் வந்துபோயின. வீதியோரத்தில் நல்ல சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டிய பெரிய வீடுகள் பல கூரையின்றி நிற்கின்றன. உள்ளே ஆலங்கன்றுகள் வளர்ந்து சாளரத்தினூடே தலையை நீட்டுகின்றன. 1990 ஓகஸ்டில் யுத்தம் இப்பகுதிக்கு வந்தபோது எழுந்து போனவர்களின் வீடுகள் இவை. சிலர் திரும்பி வந்து கூரை போட்டிருக்கின்றனர். பலர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் கூரை போட்டுக்கொண்டனர்.

முதலில் ஊர்காவற்றுறைக்குப் போவோம் என்றார் அத்தான். அது எமது வழியன்று. நெடுந்தீவுப் படகு புங்குடுதீவின் குறிகட்டுவானிலிருந்தே புறப்படும். எனினும் அவர் சொல்லைத் தட்டவில்லை.

ஊர்காவற்றுறையை ஆங்கிலத்திற் கயிற்ஸ் என்பர். துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லொன்றின் திரிபு அது. வன்னியிற் பிடித்த யானைகளை இங்கிருந்துதான் மரக்கலங்களில் ஏற்றினர். பின்னர் வந்த ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். இத்தீவு லெய்டன் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்ரடாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ப்ற். கடைசிப் பெயரொன்றே இன்றும் வழக்கில் நிலைத்தது. மற்றவற்றைச் சனங்கள் மதிக்கவில்லை. கரையில் நின்று பார்த்தால் காரைநகர் எதிரே தெரிகிறது. இடையே நீரின் நடுவில் கடற்கோட்டை. அதற்கு ஒல்லாந்தர் இட்ட ஹமன்ஹீல் என்ற பெயருக்குப் பன்றித் தொடையின் குதி என்பது பொருள். இலங்கையின் வடிவம் அவர்களுக்கு அவ்வாறு தோன்றியது போலும்! பசியோடு படம் வரைந்திருப்பார்கள்.

துறைக்குச் சிறிது தூரத்தில் ஒரு விளையாட்டுத் திடல். அத்தான் வானை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு பூவரசின் கீழ் நின்று திடலை வெகுநேரம் பார்த்தார். ஆடுகளுக்கன்றி அங்கே வேறெவருக்கும் வேலையிருக்கவில்லை. எதிரிலிருந்த கடையில் தேநீர் வாங்கிக்கொண்டு அமர்ந்தோம். அப்போதுதான் தொப்பியின் கதை வந்தது.

அது பேஸ்போல் குழு. ரொறன்ரோ புளூ ஜேஸ் என்று பெயர். பேஸ்போலைக் கிரிக்கெட்டின் தூரத்து உறவினன் எனலாம். பந்தெறிவதும் தடியால் அடிப்பதும் ஓடுவதும் அதிலும் உண்டு. ஆனால் கிரிக்கெட்டிற் காணாத ஒன்று அதன் பருவத்தின் நீளம். இளவேனிலில் தொடங்கிச் செப்டெம்பர் முடியும்வரை ஒவ்வொரு குழுவும் 162 ஆட்டங்கள் ஆடவேண்டும். ஏறக்குறைய நாடோறும் ஓராட்டம். அதன் பின்னரே முன்னணிக் குழுக்கள் தமக்குள் மோதும் இறுதிக்கட்டம். இன்று 30 குழுக்களில் 12 அக்கட்டத்திற்குப் போகின்றன. 1987 ஆம் ஆண்டில் நிலைமை வேறு. குழுக்கள் 26, பிரிவுகள் நான்கு. ஒவ்வொரு பிரிவிலும் முதலாவதாக வந்த குழுவுக்கு மாத்திரமே இடம். இரண்டாவதாக வந்தவன் வீட்டுக்குப் போகலாம்.

"நான் அப்ப ஒரு சாப்பாட்டுக் கடையின்ர குசினியில் கோப்பை கழுவினேன்" என்றார் அத்தான். "அங்கை ஒரு ரேடியோ. ஆங்கிலம் அரைகுறை. ஆனால் இலக்கம் விளங்கும். ஏரிக்கரையிலை மைதானம், செப்டெம்பரில் அங்கை காற்று வரும். அந்தக் காற்றுக்காகத்தான் ஒருநாள் ரிக்கற் எடுத்துப் போனேன். தீவான் வேறை எங்கை போவான்?"

1987 செப்டெம்பர் 26, சனிக்கிழமை. ரொறன்ரோ தன் பிரிவில் மூன்றரை ஆட்டம் முன்னே நின்றது. (வெற்றியில் உள்ள வேற்றுமையையும் தோல்வியில் உள்ள வேற்றுமையையும் கூட்டிப் பாதியாக்குவது அவர்கள் கணக்கு; அதனாலேயே இந்த அரை.) எஞ்சியிருந்தவை ஏழே ஆட்டங்கள். பின்னே வந்துகொண்டிருந்தது டெற்றோயிற் ரைகர்ஸ். ஏழில் மூன்றோ நான்கோ வென்றாற் போதும், நகரமெங்கும் நீலக்கொடி.

ஏழையும் ரொறன்ரோ தோற்றது.

எமது மகன் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டான். "ஏழையுமா?"

ஏழையுந்தான். ஞாயிறன்று டெற்றோயிற்றிடம் 13 சுற்றுவரை போராடித் தோல்வி. அடுத்து, தன் சொந்த மைதானத்திலேயே மில்வோக்கிக் குழுவிடம் மூன்று. பின்னர் டெற்றோயிற்றுக்குச் சென்று மூன்று. அம்மூன்றும் 4-3, 3-2, 1-0 என ஒவ்வோர் ஓட்ட வித்தியாசத்தில் நழுவின. ஒக்டோபர் 4 அன்று எல்லாம் முடிந்தது. டெற்றோயிற் 98 வெற்றி, ரொறன்ரோ 96. வேறொரு பிரிவில் 85 வெற்றி மாத்திரம் பெற்று முதலாவதாக வந்த மினசோட்டாக் குழு உள்ளே போயிற்று. போனதோடு நில்லாமல் அவ்வாண்டின் உலகத் தொடரையும் வென்றது.

"இது என்ன நியாயம் மாமா?"

"விதி பங்குனியிலேயே எழுதியிருந்தது தம்பி. ஐப்பசியில் அழுது பயனில்லை."

முன்னணியில் நின்ற குழு ஏன் வெளியே விழுந்தது? யாரைக் கேட்டாலும் காயத்தையே முதலிற் சொல்வர். அது பொய்யன்று. செப்டெம்பர் 24 அன்று, இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கிடையே சுவர்போல் நின்ற ரொனி பெர்னாண்டசின் மேல், சறுக்கி வந்த எதிராளி ஒருவர் மோதியதில் அவரது முழங்கை முறிந்தது. ஐந்து நாள் கழித்து, பந்து பிடிப்பவரான ஏர்னி விற் விலா எலும்பு உடைந்து வெளியேறினார். ஆனால் அத்தான் ஒரு காரியஞ் சொன்னார். அது எமது மனத்திற் பதிந்தது. பெர்னாண்டசுக்குப் பதிலாக இறங்கிய மனி லீ என்ற இளைஞர், டெற்றோயிற்றில் நடந்த முதலாட்டத்தில் ஒரே அடியில் மூன்று ஓட்டங்களைக் கொண்டுவந்தார். அன்று ரொறன்ரோ எடுத்தது மொத்தமே அம்மூன்றுதான். பதிலாள் தன் கடமையைச் செய்தார். அடிக்கத் தவறியவர்கள் அவருக்கு மேலிருந்த பெரியவர்கள். அவ்வாண்டின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பின்னர் பெற்ற ஜோர்ஜ் பெல்லின் தடியே கடைசி வாரத்தில் ஓய்ந்து கிடந்தது.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். டெற்றோயிற் ஓகஸ்ட் நடுவில், தன்னிடம் ஒரு குறையிருப்பதை உணர்ந்து, அற்லாண்டாவிலிருந்து டொயில் அலெக்சாந்தர் என்ற மூத்த பந்தெறிவோரை வாங்கிற்று. முன்னர் ரொறன்ரோவிலேயே ஆடியவர் அவர்! டெற்றோயிற்றுக்காக ஒன்பது ஆட்டங்களை வென்றார், ஒன்றையேனும் தோற்கவில்லை. அதற்கு விலையாகக் கொடுத்த ஜோன் ஸ்மோல்ற்ஸ் என்ற வாலிபர் பிற்காலத்தில் அற்லாண்டாவின் பெருவீரரானார் என்பது வேறு கதை.

1964 இல் பிலடெல்பியாக் குழுவுக்கு நேர்ந்தது இதனிலும் கொடிது. 12 ஆட்டங்கள் இருக்க ஆறரை ஆட்டம் முன்னே நின்றவர்கள், தொடர்ந்து பத்தில் தோற்றனர். பேஸ்போலிற் பந்தெறிபவரின் கை ஓராட்டத்தின்பின் நாலைந்து நாள் ஆறவேண்டும். அக்குழுவின் முகாமையாளர் ஜீன் மோக், பதற்றத்தில் ஜிம் பனிங், கிறிஸ் ஷோர்ட் என்ற இருவரையுமே இரண்டு நாள் ஓய்வோடு மீண்டும் மீண்டும் எறியவைத்தார். மற்றவர்கள் மீது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நல்ல மாட்டையே நாளெல்லாம் சூட்டடிக்கக் கட்டினால் மாலையில் எந்த மாடு நடக்கும்?

இவ்வளவும் சொல்லி முடித்த அத்தான் திடலை மறுபடியும் பார்த்தார். "நாங்களும் இங்கைதான் வெளியிலை போனாங்கள்" என்று மெல்லச் சொல்லிவிட்டு வானிலேறிக்கொண்டார்.

வேலணைக்குத் திரும்பி, புங்குடுதீவைத் தொடுக்கும் வாணர் பாலத்தைக் கடந்து குறிகட்டுவான் சேர்ந்தபோது நண்பகல். நயினாதீவுக்கு மோட்டார் வள்ளம் கால்மணி நேரத்திற் கொண்டுபோய்விட்டது. கோபுரம் கடலிலிருந்தே எழுவதுபோற் கிட்ட வருகிறது. சற்றுத் தள்ளி வெண்ணிறமான நாகவிகாரை. மணிமேகலை கூறும் மணிபல்லவம் இதுவே என்பது இத்தீவாரின் உறுதி. அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம். பந்தியில் எமக்கருகே அமர்ந்த ஒரு பெரியவர், அத்தானின் ஊரைக் கேட்டறிந்து, "எழுபதுகளிலை உங்கடை ஊர்க் கரப்பந்துக் குழுவைக் கண்டால் எங்கடை பெடியளுக்கு நடுக்கம்" என்றார். அத்தான் முகம் மலரவில்லை. மோரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தார்.

கரப்பந்தாட்டத்திற்கு 1991 இல் இலங்கையின் தேசிய விளையாட்டு என்ற தகுதி கிடைத்தது. தீவுகளுக்கு அது அதற்கு வெகுகாலம் முன்னரே தேசிய விளையாட்டு. உதைபந்துக்குப் பெருந்திடல் வேண்டும். கிரிக்கெட்டுக்குப் பணம் வேண்டும். கரப்பந்துக்கு இரண்டு பனங்குற்றியும் ஒரு வலையும் போதும்; வலை தீவானிடம் எப்போதுமுண்டு.

மறுநாட் காலை நெடுந்தீவுப் படகு. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணம். சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. புங்குடுதீவின் மறைப்பு நீங்கியதும் படகு எழுந்து எழுந்து விழுந்தது. அரிசி மூடைகள், எரிவாயுச் சிலிண்டர்கள், ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு ஆசிரியைகள், கூடையிலே ஒரு கோழி. யாவும் ஒன்றன்மேலொன்று சாய்ந்தன. எமக்கு வயிறு புரண்டது. அத்தான் மாத்திரம் பாய்மரத்தின் கீழ்ப் பிறந்தவர்போல அசையாமலிருந்தார். அந்த ஆட்டத்திலேதான் அவர் வாய் திறந்தது.

தீவுப்பகுதிக் குழுக்கள் எட்டு ஆடிய ஒரு போட்டி. ஒவ்வொரு குழுவும் ஏழு ஆட்டம். முதல் நான்கு குழுக்கள் அரையிறுதிக்கு. நெடுந்தீவார் முதல் நாலாட்டங்களையும் வென்று தலையில் நின்றனர். அத்தான் தலைவர், பந்தைத் தூக்கிக் கொடுப்பவரும் அவரே. வள்ளத்தில் எப்போதும் ஏழுபேர் போவர். ஆறு பேர் ஆடுவர். ஏழாமவன் வயதிற் சிறியவன். பந்தையும் தண்ணீர்க் குடத்தையும் காவுவான். நாலாட்டத்தில் ஒருமுறையேனும் அவன் கோட்டுக்குள் கால் வைக்கவில்லை.

"ஐந்தாம் ஆட்டம் நயினாதீவிலை. குதித்து இறங்கேக்கை கால் சுளுக்கிப்போட்டுது."

"யாருக்கு மாமா?"

"எனக்குத்தான்."

கணுக்கால் வீங்கிற்று. அவ்வாட்டம் போயிற்று. ஆறாவதும் போயிற்று. கடைசி ஆட்டம் ஊர்காவற்றுறைத் திடலில். வென்றால் அரையிறுதி, தோற்றால் வீடு. சிறுவன் முதல்நாள் இரவு வந்து, "அண்ணை, நான் தனியச் சுவரிலை அடிச்சுப் பழகியிருக்கிறன்" என்றானாம். அத்தான் காலைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தாமே இறங்கினார். அந்நாளிற் பந்து போட்ட பக்கத்திற்கு மாத்திரமே புள்ளி. பதினைந்து எடுப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். அவரால் அசைய முடியவில்லை. தூக்கிய பந்தெல்லாம் குட்டையாகப் போயின. அடிப்பவர்கள் குனிந்து அடித்தார்கள். இரண்டு சுற்றிலும் தோல்வி. ஏழாமவன் குடத்தருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊருக்கு வந்து என்ன சொன்னியள்?" என்று நாம் கேட்டோம்.

"கடல் மோசம், வயிறு பிரட்டின பெடியளாலை விளையாட ஏலாமற் போச்சுது எண்டு சொன்னன். சனம் நம்பிவிட்டுது. கடலைச் சொன்னால் எங்கடை ஊரிலை ஆர் மறுத்துப் பேசுவினம்?"

ஐம்பது ஆண்டுகளாக ஊரில் உலவும் கதை அதுதான். நயினாதீவுப் பெரியவரும் அதையே அறிந்திருப்பார் போலும்.

மாவிலித்துறையில் இறங்கினோம். துறையருகே, 1985 மே 15 அன்று குமுதினிப் படகிற் கொல்லப்பட்ட பிரயாணிகளின் நினைவுத் தூபி இருக்கிறது. அத்தான் தொப்பியைக் கழற்றினார். அடுத்த ஆண்டு அவர் ஊரைவிட்டதன் காரணத்தை நாம் ஒருநாளும் கேட்டதில்லை, கேட்கவேண்டியும் இருக்கவில்லை.

நெடுந்தீவைக் காணாதவர்களுக்கு அதன் வேலிகளைப்பற்றிச் சொல்லவேண்டும். பவளப்பாறைக் கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய இடுப்பளவு மதில்கள், தீவெங்கும் வளைந்து வளைந்து ஓடுகின்றன. ஒரு கல்லை எடுத்தால் ஒன்றும் ஆகாது. எந்தக் கல்லை எடுத்தால் மதில் சரியும் என்பது மாத்திரம் பார்ப்பவனுக்குத் தெரியாது. ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, புறாக்கூடு, பருத்த பெருக்கமரம், தெற்கு வெளியிலே குதிரைகள் என்று வழக்கமான காட்சிகளையெல்லாம் மகனுக்காக ஓட்டோவில் விரைந்து பார்த்தோம். குதிரைகள் மெலிந்திருந்தன, வரட்சிக் காலம்.

பிற்பகலில் ஒரு கோவிலடித் திடலிற் கரப்பந்தாட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆடியவர்கள் பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள். அவர்களைவிட மூத்த வாலிபர் எவருமில்லை. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் யாழ்ப்பாணம், கொழும்பு, பின்னர் விமானம். படகு நேரத்திற்கு ஏற்ப ஆட்டத்தை வைக்கச் சம்மதிக்காவிடில் வெளியிடத்துப் போட்டிகளுக்குப் போகவும் முடியாது. போனால் இரவு தங்க இடம் வேண்டும். தீவொன்றின் குழு பட்டியலிலிருந்து விழுவதற்கு இவ்வளவு போதும், முழங்கை முறியவேண்டியதில்லை.

வலையருகே, சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு முதியவர் விசிலோடு நின்றார். சிறிது நேரம் பார்த்தபின்பே எமக்கு ஒன்று புலப்பட்டது. ஐந்து புள்ளிக்கு ஒருமுறை அவர் விசிலை ஊதி, உள்ளே நிற்பவன் ஒருவனை வெளியே அழைத்து, வெளியே நிற்பவன் ஒருவனை உள்ளே விட்டார். கெட்டிக்காரன், மெதுவானவன் என்ற பேதமில்லை. நன்றாக அடித்துக்கொண்டிருந்த பையனொருவன் முணுமுணுத்தபடியே வந்து தண்ணீர்க் குடத்தருகே அமர்ந்தான். சற்றைக்கெல்லாம் எமது மகனும் உள்ளே அழைக்கப்பட்டு, முதற் பந்தையே பனைக்கூட்டத்திற்குள் அனுப்பினான். எவரும் சிரிக்கவில்லை, ஒருவன் ஓடிப்போய் எடுத்துவந்தான்.

அத்தான் எம்மருகே இல்லை. திரும்பிப் பார்த்தபோது முதியவரின் முன்னே நின்றார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டுவிட்டனர் என்பது அவர்கள் பேசாமல் நின்றதிலிருந்தே தெரிந்தது. அத்தான் நீலத் தொப்பியைக் கழற்றி அவருடைய தலையில் வைத்தார். முதியவர் அதைக் கழற்றிப் பறவையைப் பார்த்துவிட்டு மீண்டும் போட்டுக்கொண்டார்.

"தம்பி," என்றார் அத்தான், "அண்டைக்குக் கடல் அவ்வளவு மோசமில்லை."

"தெரியும் அண்ணை" என்றார் ஏழாமவர். "நானும் அந்த வள்ளத்திலைதானே வந்தனான்."

பின்பு விசிலை எடுத்து ஊதி, வலைக்கு அப்பால் நின்ற ஒரு பையனைக் கைகாட்டி வெளியே அழைத்தார். "படகுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் கிடக்குது. கால் இப்ப என்ன மாதிரி அண்ணை? ஐஞ்சு புள்ளிக்கு நிற்பியளோ?"

அத்தான் செருப்பைக் கழற்றினார்.